“இப்ப கோச்சி இல்லை” என்ற பேச்சை நம்பாதீர்கள்: தண்டவாள வேலையாளும் விதிப் புத்தகமும்

வாசகர் கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. ஊர் தென்மராட்சி. ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ், கொடிகாமத்துக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் தண்டவாள வேலை செய்கிறேன். சல்லி வாருவது, சிலிப்பர்கட்டைக்குக் கீழே சல்லி இறுக்குவது போன்ற வேலைகள். சேர்ந்து எட்டு மாதம். ஆங்கில விதிப் புத்தகத்தின் போட்டோக்கொப்பி ஒன்றைக் கையில் தந்திருக்கிறார்கள். இடையிடையே சிங்களத்தில் அறிவித்தல் வரும். சாதாரண தரம் வரை படித்தவன் நான். அகராதி வைத்து வாசித்தும் விளங்கவில்லை. போன மாதம், ஜாக்கி தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும்போதே ரயில் வந்துவிட்டது. “இப்ப கோச்சி (ரயில்) இல்லை” என்று சொல்லித்தான் எங்களை இறக்கினார்கள். ஜாக்கியை இழுத்தெடுத்து ஆறு பேரும் தப்பியது அருந்தப்பு. எங்களைப் போன்றவர்கள் இந்த விதிகளை எப்படி விளங்கிக்கொள்வது? எதை முதலில் படிப்பது? யூடியூப்பில் தமிழில் இருப்பதைப் பார்த்துப் படிக்கலாமா?

பதில்:

தம்பி, புத்தகத்துக்குப் போக முன் அந்த ஜாக்கியைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தண்டவாளத்தில் நடக்கும் வேலைகள் எல்லாம் இரண்டே வகைக்குள் அடங்கும். முதல் வகையில், வேலை நடக்கும்போதும் பாதை ரயில் போகக்கூடிய நிலையிலேயே இருக்கும். ஆபத்து வேலையாட்களுக்கு மட்டும்தான். புல் வெட்டுவது, கிளிப் கழன்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போவது, ஓரத்தில் சரிந்த சல்லியை வாரிச் சேர்ப்பது எல்லாம் அப்படி. இரண்டாவது வகையில், வேலையின் நடுவே சில நிமிடமாவது பாதை ரயில் போக முடியாத நிலைக்கு வந்துவிடும். ஜாக்கி வைத்துத் தண்டவாளத்தைத் தூக்குவது, இரண்டு தண்டவாளத்தை இணைக்கும் பிஷ்பிளேற்றைக் கழற்றுவது, கட்டையை உருவுவது, தண்டவாளம் அறுப்பது இந்த வகை. முதல் வகையில் ஆட்கள் விலகினால் போதும். இரண்டாவதில் நீங்கள் ஆறு பேரும் விலகிவிட்டாலும் ரயில் தடம்புரளலாம், அதற்குள் நூற்றுக்கணக்கான சனம் இருக்கும். ஆகவே முதல் வகைக்கு வண்டி பார்க்க ஓர் ஆளை நிறுத்தினால் போதும் என்ற நிலை வரலாம். இரண்டாவதற்கு அது ஒருபோதும் காணாது. இரண்டு பக்க நிலையங்களிடமிருந்தும் பாதையை முறைப்படி வாங்கி, அந்தத் துண்டுக்குள் ரயில் வராதபடி மூடியிருக்க வேண்டும். அதற்கு மேலதிகமாக வேலைத்தளத்தின் இரு பக்கமும் போதிய தூரத்தில் சிவப்புக் கொடியும் வெடிச் சமிக்ஞையும் (தண்டவாளத்தில் வைக்கும் சிறு வெடி; ரயில் ஏறினால் வெடித்துச் சாரதியை எச்சரிக்கும்) இருக்க வேண்டும்.

நீங்கள் அன்று செய்தது இரண்டாம் வகை வேலை. உங்களுக்கு இருந்த பாதுகாப்போ முதல் வகைக்கே காணாது. விதிப் புத்தகத்தில் பாதை வேலை பற்றி வரும் பகுதி முழுவதும் இந்தப் பிரிவின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு பந்தியை வாசிக்கத் தொடங்கும்போது “இது முதல் வகை வேலைக்கா, இரண்டாம் வகைக்கா?” என்று உங்களையே கேளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

“இப்ப கோச்சி இல்லை” என்பது பயணிகளின் கணக்கு. யாழ்தேவி போய்விட்டது, அடுத்தது இத்தனை மணிக்கு என்று ஸ்ரேசனில் நிற்கிறவர் நினைக்கலாம். பாதையில் நிற்கிறவர் நினைக்கக் கூடாது. பயணிகள் நேர அட்டவணையில் சரக்கு வண்டி இருக்காது, சல்லி ஏற்றி வரும் வண்டி இருக்காது, தனியாகத் திரும்பும் எஞ்சின் இருக்காது, பரிசோதனை ட்ரொலி இருக்காது. இரண்டு மணித்தியாலம் பிந்தி வரும் வண்டியும் இருக்காது. உங்கள் பகுதி ஒற்றைப் பாதை. கிளிநொச்சிப் பக்கமிருந்தும் வரும், யாழ்ப்பாணப் பக்கமிருந்தும் வரும். எந்த நேரத்திலும், எந்தத் திசையிலிருந்தும் ரயில் வரலாம் என்பதே பாதை வேலைக்கான எல்லா விதிக்கும் அடிப்படை. அதை மாற்றக்கூடியது பாதையை மூடியதற்கான எழுத்து ஒன்றுதான்.

இனிப் புத்தகம். அதை முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள். அது கதைப் புத்தகம் போல வரிசையாகப் படிக்க எழுதப்பட்டதல்ல, நிலைய அதிபர், சாரதி, காட், கேற் காவலாளி, பாதை வேலையாள் என்று எல்லோருக்கும் சேர்த்து எழுதப்பட்டது. உங்களுக்குரியது அதில் கால்வாசிகூட வராது. முதலில் சொல் விளக்கம் வரும் பகுதி. அடுத்தது கைச் சமிக்ஞைகள்: கொடி, விளக்கு, வெறும் கை. மூன்றாவது, பாதையில் தடை இருந்தால் ரயிலிடமிருந்து அதைக் காப்பது. நான்காவது, ரயில் ஓடும்போதே வேலை செய்வது. ஐந்தாவது, பாதையை எடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும். இந்த ஐந்தும் முடியும் வரை மற்றப் பக்கங்களைத் தொட வேண்டாம்.

ஒவ்வொரு விதிப் பந்தியிடமும் நான்கு விடைகள் கேட்டு வாங்க வேண்டும். இது யார் செய்ய வேண்டியது? எப்போது தொடங்கி எப்போது முடியும்? அந்த நேரத்தில் பாதை யாருடைய கையில் இருக்கிறது? அதற்குச் சாட்சி என்ன? உதாரணமாக ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: “வேலை முடிந்து, கருவிகள் அகற்றப்பட்டு, பாதை ரயில் செல்ல உகந்தது எனப் பொறுப்பாளர் எழுத்தில் அறிவிக்கும்வரை பாதுகாப்புச் சமிக்ஞைகளை அகற்றலாகாது.” செய்ய வேண்டியவர் ரயில்வேயின் பொறுப்பாளர், நீங்களோ ஒப்பந்தக்காரரின் ஆட்களோ அல்ல. முடிவது அவர் எழுத்தில் அறிவிக்கும் நேரத்தில். கடைசிக் கட்டைக்குச் சல்லி இறுக்கிய நேரத்தில் அல்ல. அதுவரை பாதை பொறுப்பாளரின் கையில். சாட்சி, எழுத்து. இப்போது பாருங்கள், “வேலை முடிஞ்சுது, கொடியை எடு” என்று யாராவது தூரத்திலிருந்து கத்தினால் கொடியை எடுக்கலாமா? நான்கில் இரண்டுக்கு விடை இல்லை. எடுக்கக் கூடாது.

ஒரு பந்தியில் இந்த நான்கில் ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டால், அது வேறொரு பந்தியில் இருக்கிறது என்று அர்த்தம். விதி எழுதுகிறவர்கள் ஒரே விசயத்தைத் திரும்பச் சொல்வதில்லை. இன்ன இலக்கப் பந்தியைப் பார்க்க என்று விட்டுவிடுவார்கள். வாசிக்கிறவர் அந்த இலக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார். அந்த இலக்கங்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள்.

அகராதி உங்களுக்கு உதவாததற்குக் காரணம் இருக்கிறது. ரயில்வே ஆங்கிலம் வீட்டு ஆங்கிலம் அல்ல. வெள்ளைக்காரர் காலத்துப் பிரித்தானிய ரயில்வேயின் சொற்கள் அப்படியே வந்திருக்கின்றன, சில சொற்கள் சாதாரணப் பொருளுக்கு நேரெதிராகவே நிற்கும். சிக்னல் “ஒன்” என்றால் விளக்கு எரிகிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். புத்தகத்தில் “ஒன்” என்றால் நில், “ஓஃப்” என்றால் போகலாம். “இன் ரியர் ஒவ்” ஒரு சிக்னல் என்றால், சாரதி அந்தச் சிக்னலை அடைய முன் உள்ள பக்கம். “இன் அட்வான்ஸ் ஒவ்” என்றால் அதைத் தாண்டிய பக்கம். பின்னால், முன்னால் என்று மொழிபெயர்த்துக்கொண்டு போனால் கொடி வைக்க வேண்டிய பக்கமே மாறிவிடும். “புரொட்டெக்ற்” என்றால் காப்பாற்றுவது என்று பொதுவாக எடுக்கக் கூடாது. தடை இருக்கும் இடத்துக்கு ரயில் வந்து மோதாதபடி தூரத்தில் சமிக்ஞை வைப்பது என்ற ஒரே வேலையைத்தான் அது குறிக்கும். “ஃபவுல்” என்றால் அழுக்கல்ல. ரயில் உரசிக்கொண்டு போகக்கூடிய எல்லைக்குள் ஆளோ பொருளோ இருப்பது. “அப்”, “டவுன்” மலை ஏறுவது இறங்குவது அல்ல. இரண்டு திசைகளின் பெயர். எது எந்தத் திசை என்பதைப் பொறுப்பாளரிடம் ஒருமுறை கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் அம்புக்குறி போட்டு, ஒரு நுனியில் கொடிகாமம், மறு நுனியில் சாவகச்சேரி என்று எழுதிவையுங்கள்.

சின்னச் சொற்கள் இன்னும் ஆபத்தானவை. “ஷால்”, “மஸ்ற்” இரண்டும் கட்டாயம். “மே” என்றால் செய்யலாம், ஆனால் அந்த அனுமதி யாருக்கு என்று பார்க்க வேண்டும். “அன்லெஸ்”, “அன்ரில்”, “எக்செப்ற்” வரும் வரியைத் தமிழில் எழுதும்போது நிபந்தனையை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஆங்கிலத்தில் அது கடைசியில் தொங்கும், களைத்த கண் அதற்கு முன்பே நின்றுவிடும். தமிழ் வசனத்தில் “இன்னது நடக்கும்வரை” என்று முதலில் வந்து வினை கடைசியில் வருவதால் நிபந்தனை தப்பாது. இந்த வசதி நம் மொழியில் இருக்கிறது, பயன்படுத்துங்கள். மூன்று நிரல் உள்ள ஒரு கொப்பி போடுங்கள்: ஆங்கிலச் சொல்லின் ஒலி தமிழ் எழுத்தில், சிங்களத்தில் வேலைத்தளத்தில் சொல்வது, தமிழில் அதன் வேலை. அகராதிப் பொருளை எழுத வேண்டாம். ஐம்பது சொல் வந்தால் நான் சொன்ன ஐந்து பகுதிகளும் ஓரளவு திறந்துவிடும்.

அடுத்தது எண்கள். இங்கேதான் பலர் விதியை மனப்பாடம் செய்துவிட்டு விளங்காமல் நிற்கிறார்கள். விதியில் இருக்கும் மீற்றர் உங்கள் இடத்தில் எத்தனை செக்கன் என்று தெரியாவிட்டால் அந்த விதி உங்களுக்குத் தெரியாது என்றே நான் சொல்வேன்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 28 மீற்றர் கடக்கும். ஒரு கிலோமீற்றர் 36 செக்கன். உங்கள் ஆறு பேரையும் எடுத்துக்கொள்வோம். பாதுகாப்பாக ரயிலைப் பார்த்து விலகும் முதல் வகை வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையில் அலவாங்கும் சல்லிக் கூடையும். எச்சரிக்கை கேட்டு நிமிர்ந்து, கருவியை எடுத்துப் பாதைக்கு வெளியே வைக்க 12 செக்கன். ஒதுங்கும் இடத்துக்குப் போய்ச் சேர 6 செக்கன். எல்லோரும் ஒதுங்கி நின்ற பிறகு ரயில் வர இன்னும் 15 செக்கன் இருக்க வேண்டும். மொத்தம் 33 செக்கன். அதை 27.8 ஆல் பெருக்கினால் 917 மீற்றர். வண்டி பார்க்கிறவர் ரயிலை 917 மீற்றருக்கு அப்பாலேயே கண்டுவிட வேண்டும். வளைவில் பனங்கூடலும் வடலியும் மறைத்து 500 மீற்றர்தான் தெரிகிறது என்றால் அது 18 செக்கன். ஒதுங்கி முடிகிற கணத்தில் ரயில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கும், கடைசி 15 செக்கன் இல்லவே இல்லை. அந்த இடத்தில் ஒரு ஆள் காவல் நின்று வேலை செய்ய முடியாது. இன்னொருவரை முன்னே தள்ளி நிறுத்த வேண்டும், அல்லது பாதையை மூட வேண்டும்.

தெரியும் தூரத்தை அளக்க எளிய வழி, ரயிலையே கொண்டு அளப்பது. பாதையை விட்டு நன்றாக ஒதுங்கி நின்று, ரயில் கண்ணில் பட்ட கணத்தில் கைத்தொலைபேசியில் நேரத்தைத் தொடங்கி, வேலைத்தளத்தை அது கடக்கும்போது நிறுத்துங்கள். இரு திசைக்கும் பல வண்டிகளுக்குப் பாருங்கள். மிகக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். ஒரு பொறி இருக்கிறது. அன்று அந்த வண்டி வேகக் கட்டுப்பாட்டில் மெதுவாக வந்திருந்தால் உங்களுக்குப் பொய்யான நீண்ட நேரம் கிடைக்கும். அதனால் தூரத்தையும் அளவுநாடாவால் ஒருமுறை சரிபார்த்து, அந்தப் பகுதிக்கு அனுமதித்த உச்ச வேகத்தால் கணக்கிடுங்கள். அளவுநாடா இல்லாத வேளையில் சிலிப்பர்கட்டையை எண்ணலாம். கொங்கிறீட் கட்டைகளின் இடைவெளி பொதுவாக 60 செ.மீ. அளவில் இருக்கும், உங்கள் இடத்தில் பத்து இடைவெளியை அளந்து பத்தால் பிரித்துச் சரியான எண்ணை எடுங்கள். 60 என்றால் 100 கட்டை 60 மீற்றர். பழைய பக்கங்களில் யார் (yard), செயின் என்ற நீள அளவுகளும் வரும்: 1 யார் 0.914 மீற்றர், 1 செயின் 66 அடி, 80 செயின் ஒரு மைல்.

சிவப்புக் கொடியை ஏன் அவ்வளவு தூரம் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்குத்தான். பிரேக் பிடித்தால் வேகம் ஒவ்வொரு செக்கனுக்கும் செக்கனுக்கு அரை மீற்றர் வீதம் குறைகிறது என்று எடுங்கள். 60 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் நிற்க 278 மீற்றர் வேண்டும். 100 கி.மீ. என்றால் 772 மீற்றர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தூரம் மூன்று மடங்குக்குக் கிட்டப் போய்விட்டது. இதற்குள் சாரதி கண்டு பிரேக்கைத் தொடும் நேரமும், காற்று கடைசிப் பெட்டி வரை போய்ச் சேரும் நேரமும் இல்லை. மழையில் ஈரமான தண்டவாளமும் இல்லை. 200 மீற்றரில் கொடியோடு நிற்கிறவர் விபத்தைத் தடுக்கவில்லை, பார்க்கத்தான் நிற்கிறார். வெடிச் சமிக்ஞையைத் தண்டவாளத்தின் தலையில் வைத்து ஈயப் பட்டியைக் கீழே மடித்து இறுக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் வைக்கச் சொல்வது, ஒன்று ஈரத்தில் பழுதாகியிருந்தாலும் மற்றது வெடிக்க. வெடிக்கும்போது துண்டு பறக்கும், 50 மீற்றராவது தள்ளி நில்லுங்கள். பெட்டியில் உற்பத்தித் திகதி இருக்கும், பார்க்காமல் எடுத்துப் போகாதீர்கள்.

காதை நம்பி நிற்பவர்களுக்கு ஒரு சொல். சோளகம் அடிக்கும் மாதங்களில் ரயிலின் சத்தம் காற்றோடு வேறு பக்கம் போய்விடும். நாவற்குழி போன்ற வெளியான இடங்களில் இது மோசம். பாலத்தில் பக்கத்தில் ஒதுங்க நிலமும் இல்லை. சல்லி இறுக்கும் கை மெசின் ஓடினால் விசிலும் கேட்காது. மெசின் பிடிக்கிறவரைத் தோளில் தொட்டு எச்சரிக்க ஒருவர் வேண்டும். வண்டி பார்க்கிறவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது: தேத்தண்ணி எடுத்துவருவது, கூடை தூக்கிக் கொடுப்பது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது எதுவும்.

உங்கள் வேலைக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னொரு விதியையும் விளக்க வேண்டும், ஏனென்றால் அதை மீறுகிறவர்கள் பெரும்பாலும் மீறுகிறோம் என்று தெரியாமலே மீறுகிறார்கள். வெயில் உச்சத்தில் சல்லியைத் தோண்டிக் கட்டைகளைத் திறந்துவிடாதே என்ற விதி. பலர் இதை வேலையாளின் களைப்புக்காக என்று நினைக்கிறார்கள். காரணம் தண்டவாளம். இரும்பு சூட்டில் நீளும். ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு ஒட்டிய தண்டவாளம் 20 பாகை செல்சியஸ் சூடேறினால், பிடிப்பு இல்லாவிட்டால் 23 செ.மீ. நீண்டிருக்கும். கிளிப்பும் கட்டையும் சல்லியும் பிடித்திருப்பதால் நீள முடியாது. அந்த நீட்சி முழுவதும் அமுக்கமாக உள்ளே நிற்கும். மீற்றருக்கு 60 கிலோ நிறையுள்ள தண்டவாளம் என்றால் ஒன்றில் சுமார் 37 தொன், இரண்டிலும் சேர்த்து 74 தொன். இதைப் பக்கவாட்டில் பிதுங்கவிடாமல் பிடிப்பது கட்டையைச் சுற்றியும் நுனியிலும் இருக்கும் சல்லி. பங்குனி, சித்திரை மத்தியானத்தில் அந்தச் சல்லியை வரிசையாக இருபது கட்டைக்கு வாரிவிட்டால், பிடித்திருந்த கையை எடுத்ததுபோல. பாதை பாம்பு போல நெளியும். பெரும்பாலும் நெளிவது ரயில் அதன் மேல் ஓடும் அதிர்விலேதான், அதாவது நீங்கள் வேலை முடித்துச் சாப்பிடப் போன பிறகு. வெயிலில் கிடக்கும் தண்டவாளம் காற்றைவிட 15, 20 பாகை கூடச் சூடாக இருக்கும், ஆகவே வானொலியில் சொல்லும் வெப்பநிலையைப் பார்த்துப் பயனில்லை. தண்டவாளத்தில் வைக்கும் வெப்பமானி வேண்டும், நிழல் பக்கத்தில் வைத்து. எத்தனை பாகைக்கு மேல் எந்த வேலை நிறுத்த வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை கட்டை திறக்கலாம், பிறகு எவ்வளவு நாள் வேகக் கட்டுப்பாடு என்பதெல்லாம் அந்தத் துண்டுக்குரிய அறிவுறுத்தலில் எண்ணாக இருக்கும். அந்த மூன்று எண்ணையும் பொறுப்பாளரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

யூடியூப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழில் ரயில்வே விதி என்று தேடினால் வருவது பெரும்பாலும் இந்திய ரயில்வேப் பரீட்சைக்கானவை. நல்ல விளக்கங்கள் இருக்கின்றன, கொடி பிடிப்பது, சல்லி இறுக்குவது எல்லாம் பார்த்துப் பழகலாம். அங்கேயும் இங்கேயும் 1676 மில்லிமீற்றர் அகலப் பாதைதான், அதனால் குழப்பம் இன்னும் லேசாக வரும். எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். தடையைக் காக்க இந்தியப் பொது விதிகள் அகலப் பாதையில் 600 மீற்றரில் ஒரு வெடி, 1200 மீற்றரில் பத்துப் பத்து மீற்றர் இடைவெளியில் மூன்று வெடி என்கின்றன. பிரித்தானியாவில் ரயில் வர 10 செக்கன் முன்னதாக ஒதுங்கி நிற்க வேண்டும், மணிக்கு 100 மைல் வேகம் வரை தண்டவாளத்திலிருந்து 1.25 மீற்றர் தள்ளி. அமெரிக்கக் கூட்டாட்சி விதியில் அது 15 செக்கன். அருகிலுள்ள தண்டவாளத்தின் வெளிப்பக்கத்திலிருந்து 4 அடிக்குள் போனாலே ஆபத்து எல்லைக்குள் போனதாகக் கணக்கு. நான் மேலே 15 செக்கன் எடுத்தது கூடிய பாதுகாப்புப் பக்கம் நிற்பதற்காக. மூன்று நாட்டு எண்களும் அந்தந்த நாட்டின் வேகத்துக்கும் பிரேக்குக்கும் பொருந்தியவை. உங்கள் பாதையில் செல்லுபடியாவது உங்கள் புத்தகத்தில், கடைசித் திருத்தத்தோடு இருக்கும் எண் மட்டும். காரணத்தை எங்கிருந்தும் படியுங்கள், எண்ணை இங்கிருந்து எடுங்கள்.

கடைசித் திருத்தம் என்று சொன்னேன். உங்கள் போட்டோக்கொப்பியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் காகிதங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்பவை. அடியில் 1902ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் புகையிரதக் கட்டளைச் சட்டம். காங்கேசன்துறைக்கும் உங்கள் சாவகச்சேரிக்கும் இடையில் முதல் ரயில் ஓடியதும் அதே ஆண்டில்தான். அதன் மேல் பொது விதிகள். அதன் மேல் அவற்றை விரிக்கும் பின்னிணைப்புகள். அதற்கும் மேல் பணி நேர அட்டவணை. பயணிகளுக்கானது அல்ல, ஊழியர்களுக்கானது, உச்ச வேகமும் நிரந்தர வேகக் கட்டுப்பாடும் அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அவ்வப்போது வரும் அறிவித்தலும் சுற்றறிக்கையும். கீழே உள்ள காகிதம் பெரியது, மேலே உள்ள காகிதம் புதியது. இன்று காலை எந்த வேகம் என்று அறியச் சட்டத்தைப் பார்த்துப் பயனில்லை. அறிவித்தலில் வந்த ஒரு வசதி பொது விதிக்கு முரணாகத் தெரிந்தால், நீங்களாகத் தீர்மானிக்காமல் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். இன்னொன்று, பொது விதியில் டேப்லட் (ஒற்றைப் பாதைத் துண்டுக்குள் போக அனுமதியாகச் சாரதிக்குக் கொடுக்கும் வில்லை) மாற்றுவது பற்றிப் பக்கம் பக்கமாக வந்தால் மண்டையை உடைக்காதீர்கள். வடக்குப் பாதை திரும்பக் கட்டப்பட்டபோது, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் மீண்ட காலத்தில், நிற விளக்குச் சிக்னல் முறை போடப்பட்டது. உங்கள் துண்டு எந்த முறையில் இயங்குகிறது என்று கேட்டு அந்தப் பகுதியை மட்டும் வாசியுங்கள்.

மொழி விசயத்தில் தயங்க வேண்டாம். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி; அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. விதியின் நடைமுறையிலுள்ள பிரதி வேண்டும் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் புகையிரதத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒப்பந்த வேலையாள் என்றாலும் நீங்கள் இந்நாட்டுப் பிரசை, அது போதும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். “தண்டவாள வேலை விதி” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பாதை வேலையின்போது பாதுகாப்பு, பாதையை மூடுவதும் திறப்பதும், கைச் சமிக்ஞை பற்றிய பகுதிகள், இன்ன திகதி வரையான திருத்தங்களோடு, தமிழில் இருந்தால் தமிழில் என்று கேளுங்கள். இந்தச் சட்டம் இருக்கிற ஆவணத்தைத் தரச் சொல்லும். இல்லாத மொழிபெயர்ப்பைச் செய்விக்காது. தமிழ்ப் பிரதி இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலை இணைத்து அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தண்டவாளத்தில் நிற்கிறவனுக்கு விளங்காத மொழியில் உயிர்காக்கும் விதி இருப்பதை நான் சிறிய குறையாக நினைக்கவில்லை. பலர் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1997இலிருந்து பாதை வேலையாட்களுக்கான கூட்டாட்சி விதி நடைமுறையில் உள்ளது. அதன்படி வேலை தொடங்க முன் இன்று என்ன பாதுகாப்பு என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும், அவர் விளங்கிக்கொண்டதாகச் சொன்ன பிறகுதான் வேலை. பாதுகாப்பு விதிப்படி இல்லை என்று நேர்மையாக நினைக்கும் வேலையாள் அதைச் சொல்லி ஒதுங்கி நிற்கவும் அங்கே உரிமை எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது, ஆனால் ஐந்து நிமிடம் நின்று கேட்பதை எந்தச் சட்டமும் இங்கே தடுக்கவில்லை. “அண்ணை, இண்டைக்குப் பாதை மூடியிருக்கோ, ஓடுதோ? மூடினது எத்தினை மணி மட்டும்? ரயில்வே ஆள் ஆர் நிக்கிறார், அவற்றை நம்பர் என்ன? வண்டி பாக்கிறது ஆர்? ஒதுங்கிறது எந்தப் பக்கம்?” இவ்வளவுதான். எதிர்த்துக் கேட்பதாகத் தோன்றாது, வேலை தெரிந்தவன் கேட்பதாகத்தான் தோன்றும். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் பாதையை மூட முடியாது. அது ரயில்வேயின் பொறுப்பாளர் வழியாகத்தான் நடக்கும். அவர் வேலைத்தளத்தில் இல்லை என்றால் இரண்டாம் வகை வேலை அன்று இல்லை.

போன மாதம் நடந்ததையும் எழுதிவையுங்கள். திகதி, நேரம், எந்த மைல் அல்லது கிலோமீற்றர்க் கல்லுக்குப் பக்கம், ரயில் வந்த திசை, ஜாக்கி நின்ற இடம், கண்டதிலிருந்து கடந்தது வரை எத்தனை செக்கன், அன்று வண்டி பார்க்க நின்றது யார், “கோச்சி இல்லை” என்ற தகவல் யாரிடமிருந்து வந்தது. யாரையும் திட்டாமல், நடந்ததை மட்டும். ஒன்றை ஒப்பந்தக்காரருக்கும் ஒன்றைப் பகுதிப் பொறுப்பாளருக்கும் கொடுத்து, மூன்றாவதில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். இனி ஜாக்கியைத் தூக்க முன், பாதை மூடிய எழுத்தில் உள்ள முடிவு நேரத்தை நீங்களே கண்ணால் பாருங்கள். ஜாக்கியை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் வைக்காமல் வெளிப்பக்கமாக வையுங்கள். முடிவு நேரத்துக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது புதிதாக ஒரு கட்டையைத் திறக்காதீர்கள்.